ஏரிக்கரைத் திருப்பத்தில் நிற்காத பஸ்

ஜனவரி 24, சனி

பின் சீட்டுக்கு அடியில் இன்றைக்கு ஒரு ஷூகூட இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அப்பாவின் கம்பெனி பஸ்ஸைப் பெருக்குவது என் வேலை. எங்கள் ஊர் ஃபுட்பால் டீமுக்கு மேட்ச் இருக்கிற நாளில் அந்தப் பின் சீட்டுப் பக்கம் போகவே முடியாது. டெனிசன் அண்ணன், காசிராஜன் அண்ணன், இன்னும் இரண்டு பேர் ஒரகடத்தில் காலை ஷிஃப்ட் முடித்துவிட்டு இந்த பஸ்ஸில்தான் வருவார்கள். ஓடுகிற பஸ்ஸிலேயே ஜெர்சி மாற்றி, ஆணி வைத்த ஷூவைப் போட்டுக்கொண்டு, கம்பெனி ஷூவை சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, ஏரிக்கரைத் திருப்பத்தில் இறங்கி கிரவுண்டுக்கு ஓடுவார்கள். மேட்ச் முடிகிற வரைக்கும் அந்த நான்கு ஜோடி ஷூவின் நாற்றம் பஸ்ஸுக்குள்ளேயே இருக்கும். நான் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இன்றைக்கு மேட்ச் உண்டு. ஷூ இல்லை.

எப்போதும்போலத் தெருமுனையில் நின்றேன். மற்றவர்களைச் சுங்குவார்சத்திரத்தில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது அப்பா என்னை ஏற்றிக்கொண்டு கிரவுண்டுக்குப் போவார். கிரவுண்டின் சுண்ணாம்புக் கோட்டுக்குப் பக்கத்தில் பஸ்ஸை நிறுத்துவார். மூன்றாவது ஜன்னல் என்னுடையது. கிரவுண்டு முழுக்க ஆண்கள். வெளியே இறங்கி நிற்க என்னால் முடியாது. ஜன்னலுக்குள் இருந்தால் யாரும் என்னைப் பார்ப்பதில்லை, நான் எல்லாவற்றையும் பார்ப்பேன். ஸ்கூலிலிருந்து நின்ற பிறகு நான் போகிற இடம் அது ஒன்றுதான்.

பஸ் வந்தது, ஏறினேன். அப்பா கிரவுண்டுப் பக்கம் திருப்பவில்லை. நேராக வீட்டு வாசலுக்கு ஓட்டிவந்து நிறுத்தினார்.

“மேட்ச்சா? எவன் பாக்கறது அத” என்றார். அவ்வளவுதான்.

நான்கு பேரும் திருப்பத்தில் இறங்கியிருந்தால் ஷூ இருந்திருக்க வேண்டும். அப்படியென்றால் எங்கே இறங்கினார்கள்?

ஜனவரி 25, ஞாயிறு

காலையிலேயே சுபாஷ் மாமா வந்துவிட்டார். ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருப்பவர். ஒவ்வொரு மேட்ச்சிலும் எங்கள் பஸ் படியில் நின்று அப்பாவோடு சேர்ந்து திட்டுவார். இன்றைக்கு அப்பாவையே திட்டினார்.

“வாக்ஓவர் குட்துட்டாங்க பரசு. ஆடாமயே தோத்துட்டோம். கிரவுண்டுல ஆறு பேரு நின்னுகினு கீறானுங்க. ஏழாவது ஆள் இல்லாம மேட்ச் கெடையாதுன்றான் ரெஃப்ரி. அவன் வாட்ச்ச பாக்கறான், நான் ரோட்ட பாக்கறேன். உன் வண்டி நேரா போய்கினே கீது. தொண்ட கிழிய கத்தறேன், நீ திரும்பிக்கூட பாக்கல.”

“ஜிபிஎஸ் போட்டுகீறான்யா” என்றார் அப்பா. “ஸ்டாப்பு இல்லாத எடத்துல நிறுத்தினா மெமோ குடுப்பான்.”

“ஜிபிஎஸ்ஸு பொங்கல் வரைக்கும் லீவுல இருந்துச்சா?”

அப்பா டயரைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்த பஸ் ஹைவேயில் ஏறிவிட்டால் அடுத்து சுங்குவார்சத்திரம்தான். அங்கே ஜெர்சியோடும் ஆணி ஷூவோடும், கம்பெனி ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, லாரிக் கூட்டத்தில் மாட்டி, அவர்கள் வந்து சேரும்போது ரெஃப்ரி கிளம்பிவிட்டாராம்.

ஏன் நிறுத்தவில்லை என்று எனக்குத் தெரியும். பொங்கலுக்கு முந்தின மேட்ச்சில் ஐந்து கோல் வாங்கினோம். அப்பா டிரைவர் சீட்டிலிருந்து இறங்கி, கோலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, பாதி மேட்ச் முழுக்க டெனிசன் அண்ணனைத் திட்டினார். “டேய் டெனிசா, பந்து வருதுடா, வா வான்னு கதவ தொறந்து வுடாதடா.” டெனிசன் அண்ணன்தான் கோல்கீப்பர், கேப்டனும் அவர்தான். மேட்ச் முடிந்ததும் சேற்றோடு நேராக அப்பாவிடம் வந்தார்.

“நீங்க பஸ் ஓட்றத மட்டும் பாருங்கண்ணே.”

 எல்லோரும் சிரித்தார்கள். சுபாஷ் மாமாவும் சிரித்தார். ஜன்னலிலிருந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். நான் பிறப்பதற்கு முன்னாலிருந்து அவர் இந்த டீமைப் பார்க்கிறார். ஒருமுறைகூட ஆடியதில்லை, ஒரு மேட்ச்கூட விட்டதில்லை.

இப்போது பஸ் ஓட்டுவதை மட்டும் பார்க்கிறார்.

ஜனவரி 27, செவ்வாய்

அப்பாவின் போனில் ‘ஏரிக்கரை பாய்ஸ் ரசிகர்கள்’ குரூப்பைப் பார்த்தேன். பொங்கலிலிருந்து ஒவ்வொருவராக வெளியே போகிறார்கள். போகிறவர்கள் சும்மா போவதில்லை. ஆளுக்கொரு வாய்ஸ் மெசேஜ் போட்டுவிட்டுத்தான் போகிறார்கள். “தோத்தா பரவால்ல, ஆடியாவது தோங்கடா.” “சனிக்கிழம ஓ.டி. பாத்தாகூட நிம்மதியா இருக்கும்.”

எங்கள் டீம் மாவட்ட லீக்கில் மூன்றாம் டிவிஷன். அதற்குக் கீழே டிவிஷன் கிடையாது. “நம்மள எவனும் கீழ எறக்க முடியாது” என்று அப்பா பெருமையாகச் சொல்வார். ஆனால் ஒரு சீசனில் இரண்டு தடவை வாக்ஓவர் ஆனால் லீக்கிலிருந்து பெயரையே எடுத்துவிடுவார்களாம். சுபாஷ் மாமாவின் மெசேஜில் கேட்டேன். இன்னும் இரண்டு மேட்ச் இருக்கிறது.

பெயரை எடுத்துவிட்டால் கிரவுண்டு இருக்கும். மூன்றாவது ஜன்னல் இருக்காது.

ஜனவரி 31, சனி

இன்றைக்கும் பஸ் திருப்பத்தில் நிற்கவில்லை. நேராக வீட்டுக்கு வந்தது.

அப்பா முன் கண்ணாடியைத் துடைத்தார். காய்ந்தது. மறுபடி துடைத்தார். “மணி இன்னா?” என்று கேட்டார். சொன்னேன். பக்கெட்டைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடித்து மூன்றாவது தடவை துடைத்தார். கையில் வாட்ச் கட்டியிருந்தார். எதற்கு என்னைக் கேட்டார்?

நான் பஸ் படியில் பெருக்குகிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். பெருக்க ஒன்றுமில்லை.

சாயங்காலம் சுபாஷ் மாமா மெசேஜ். டெனிசன் அண்ணன் மட்டும் பெர்மிஷன் போட்டுவிட்டு சீக்கிரம் வந்தாராம். அதனால் ஏழு பேர் இருந்தார்கள், மேட்ச் நடந்தது. ஏழு கோல் வாங்கினார்கள்.

“ஆளுக்கு ஒண்ணு. எவனுக்கும் கொற இல்ல. நானும் கெளம்பறேன்” என்று சொல்லிவிட்டு சுபாஷ் மாமாவும் குரூப்பை விட்டுப் போய்விட்டார்.

அப்பா அதை இரண்டு தடவை கேட்டார். போனைக் கவிழ்த்து வைத்தார். சாப்பிட வரவில்லை.

பிப்ரவரி 2, திங்கள்

“அப்பா, சனிக்கிழமை வண்டிய நிறுத்துங்க.”

எழுதும்போது எவ்வளவு சுலபமாக இருக்கிறது. காலையில் அவர் பஸ்ஸுக்குப் பூ வைக்கும்போது பின்னால் போய் நின்றேன். “இன்னா பாப்பா?” என்றார். “ஒண்ணுமில்ல” என்றேன். அதுமட்டும் உடனே வருகிறது.

ஸ்கூலிலும் இப்படித்தான். பதில் தெரியும். எழுந்து நிற்பேன். தொண்டையில் ஏதோ வந்து உட்காரும். டீச்சர் காத்திருப்பார், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், பிறகு யாராவது சிரிப்பார்கள். பதினொன்றாம் வகுப்பில் ஒரு நாள் காலையில் எழுந்து யூனிஃபார்ம் போட்டேன், பிறகு கழற்றிவிட்டேன். அம்மா அழுதது. அப்பா மட்டும் திட்டவில்லை. “வா, மேட்ச் பாக்கலாம்” என்று அன்றைக்குத்தான் முதல்தடவை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்.

அந்த அப்பாதான் இந்த அப்பாவா?

பிப்ரவரி 4, புதன்

அம்மா வேலைக்குப் போயிருந்தது. அப்பா டீசல் போடப் போயிருந்தார். வாசலில் கூப்பிடுகிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால் காசிராஜன் அண்ணனும் டெனிசன் அண்ணனும்.

காசிராஜன் அண்ணன் தெற்கத்திக்காரர். சுங்குவார்சத்திரத்தில் லாட்ஜில் நான்கு பேரோடு தங்கியிருக்கிறார். இந்த சீசனில் நாங்கள் போட்ட கோல் எல்லாம் அவர் போட்டதுதான். எல்லாம் என்றால் மூன்று.

“அப்பா இருக்காவளா தங்கச்சி?”

இல்லை என்று தலையாட்டினேன். கதவைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

“சரி, வந்தா சொல்லணும், கேட்டியா. சனிக்கெழம மண்ணூர் டீமோட நமக்குக் கடைசி மேட்ச்சு. கம்பெனில புது மாடல் தயாரிக்க ஆரம்பிக்கான், வேல ஜாஸ்தி, ஒருத்தனுக்கும் பெர்மிஷன் கெடையாது. அண்ணாச்சி வண்டிய நிறுத்துனாத்தான் உண்டு. இல்லேன்னா டீமே இல்ல. பைக்குல கூட்டிட்டுப் போவவும் ஆள் இல்ல, எல்லாவனும் குரூப்ப விட்டுட்டுப் போயிட்டான்.” பிறகு அவராகவே சிரித்தார். “அன்னைக்குச் சத்திரத்துல ஆணிச் செருப்பு போட்டுக்கிட்டு டக்கு டக்குன்னு நடந்து வாரோம், பூக்காரம்மா ஒண்ணு, ‘எந்த ஊரு திருவிழாவுல ஆடப் போறீங்க’ன்னு கேக்கு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. கதவுக்குப் பின்னால் போய்ச் சிரித்தேன்.

டெனிசன் அண்ணன் சிரிக்கவில்லை. சுவரில் சாய்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “வாடா போலாம், சொல்லிட்டல்ல” என்றார். நான்கு அடி போய்விட்டுத் திரும்பி வந்தார். “அன்னிக்கு அஞ்சு கோல் வாங்கின கடுப்புல வந்துச்சு அந்த வார்த்த” என்றார். என்னிடம் சொன்னாரா, வாசல் படியிடம் சொன்னாரா, தெரியவில்லை. உடனே போய்விட்டார்.

அப்பா வந்ததும் சொன்னேன். நிஜமாகவே சொன்னேன். “டெனிசன் அண்ணன் வந்தாரு.”

அப்பா குழாயை மூடிவிட்டுத் திரும்பினார். “வந்தானா? எதுக்கு?”

“சனிக்கிழம... மேட்ச்...” தொண்டை.

“மன்னிப்பு கேட்டானா?”

நான் யோசித்தேன். அவர் மன்னிப்பு என்று சொல்லவில்லை. தப்பு என்றும் சொல்லவில்லை. இல்லை என்று தலையாட்டினேன்.

அப்பா மறுபடி குழாயைத் திறந்துவிட்டார்.

பிப்ரவரி 5, வியாழன்

ஏன் தலைய ஆட்டின? ஏன்டி ஆட்டின? மேலயும் கீழயும் ஒரு தடவ ஆட்டியிருந்தா முடிஞ்சிருக்கும். அவரு வாசல் வரைக்கும் வந்தாரே, நாலு அடி போயிட்டுத் திரும்பி வந்தாரே, அது இன்னா? அதுக்குப் பேரு மன்னிப்பு இல்லையா?

வாயைத் திறந்தால்தான் மன்னிப்பு என்றால் நான் யாரிடமும் மன்னிப்பே கேட்டதில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

சாப்பிடும்போது அப்பா போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா எட்டிப் பார்த்தது.

“டீமை உட்டுட்டேன் உட்டுட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிகினு கீற. அது இன்னா, பாயிண்ட் டேபிளா?”

“சும்மா பாக்கறேன்.”

“எத்தினியாவது எடத்துல கீறோம்?”

“கடேசி.”

“அத பாக்கறதுக்கு எதுக்கு கண்ணாடி போட்டுகினு கீற?”

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். கொஞ்ச நேரம் ரசத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு யாரிடமோ பேசுகிற மாதிரி சொன்னார்: “மண்ணூர்ல லெஃப்ட்ல ஒரு பையன் ஓடறான். காத்து மாதிரி. இவன் போஸ்ட்ட உட்டு முன்னாடி வந்தான்னா தலைக்கு மேல தூக்கி போட்டுடுவான். எடத்த உட்டு நவுரக் கூடாது.”

“அத டெனிசன்ட்ட சொல்லு.”

“நான் எதுக்குச் சொல்லணும்? நான் பஸ் ஓட்றவன்.”

அம்மா என்னைப் பார்த்தது. “நீயாவது சொல்லேன்டி உங்கப்பாவுக்கு. உன் பேச்சத்தான் கேப்பாரு.”

என் பேச்சு. அது எங்கே இருக்கிறது?

ஒன்று மட்டும் புரிந்துவிட்டது. அவர் நிறுத்தத்தான் ஆசைப்படுகிறார். ஆனால் அவராக நிறுத்த மாட்டார். அந்த நான்கு பேருக்காக நிறுத்தினால் தோற்றுப்போன மாதிரி ஆகிவிடும். பஸ் நிற்க வேறு ஏதாவது காரணம் வேண்டும்.

பிப்ரவரி 7, சனி

மண்ணூர் மூன்று, நாங்கள் இரண்டு.

தோற்றுவிட்டோம். கடைசி இடம்தான். ஆனால் ஆடித் தோற்றோம், பெயர் லீக்கில் இருக்கிறது. இரண்டு கோலும் காசிராஜன் அண்ணன். முதல் கோலுக்கு அப்பா அடித்த ஹாரனில் ஏரியிலிருந்த கொக்கெல்லாம் எழுந்து பறந்தன. ரெஃப்ரி ஓடி வந்து, வண்டியை எடுத்துக்கொண்டு போகச் சொல்வேன் என்று மிரட்டினார். இரண்டாவது கோலுக்கும் அப்பா அடித்தார்.

மண்ணூரின் அந்த லெஃப்ட் பையன் மூன்றாவது கோலை டெனிசன் அண்ணன் தலைக்கு மேலேதான் தூக்கிப் போட்டான். அப்பா ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டார். “சொன்னேன்ல, நவுராதன்னு சொன்னேன்ல” என்றார். எங்களிடம்தானே சொன்னார். பிறகு ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் சேர்த்து வைத்துத் திட்டினார். இரண்டு மேட்ச்சின் திட்டு பாக்கி இருந்ததல்லவா.

டெனிசன் அண்ணன் பந்தை எடுக்க எங்கள் பக்கம் வந்தார். “அண்ணே, கொஞ்சம் மெதுவா திட்டுங்க. உள்ள வரைக்கும் கேக்குது.”

“கேக்கணும்னுதாண்டா திட்றேன். போய் நில்லு எடத்துல.”

“சரிண்ணே.” போய் நின்றார்.

அவர்கள் இருவருக்கும் நடுவில் பேச்சு அவ்வளவுதான்.

பாதி மேட்ச்சில் சுபாஷ் மாமா வந்து படியில் தொற்றிக்கொண்டார். கடைக்கு முன்னால் பஸ் திரும்புவதைப் பார்த்துவிட்டு, கழற்றின டயரை அப்படியே போட்டுவிட்டு வந்தாராம். “இன்னா பரசு, ஜிபிஎஸ்ஸு இன்னிக்கு ஒண்ணும் சொல்லலியா?”

“ரோட்ல பொம்பளப் புள்ள கை காட்டினா நிறுத்தாம போவ முடியுமா?” என்றார் அப்பா. “மெமோ வந்தா வரட்டும், எழுதித் தரேன்.” என் பக்கம் திரும்பவில்லை. எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பின் சீட்டுக்கு அடியிலிருந்து நாற்றம் குடலைப் பிடுங்கியது. துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொள்ளவில்லை.

அதற்கு முன்னால் நடந்ததையும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் நான் செய்தேன் என்று நாளைக்கு எனக்கே நம்பிக்கை வராது.

மதியம் சாப்பிட்டதும் கிளம்பிவிட்டேன். அம்மாவிடம் கடைக்கு என்று சொன்னேன். தெருமுனையில் நிற்கவில்லை, அதைத் தாண்டி நடந்தேன். ஏரிக்கரைத் திருப்பம் வரைக்கும் தனியாக நான் போனதேயில்லை. புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு போகிற நீள லாரிகள் கடக்கும்போதெல்லாம் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டேன். கிரவுண்டில் மண்ணூர்க்காரர்கள் பந்தை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம் ஆட்கள் ஆறு பேரும் கோட்டில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது ரோட்டில் நான் நின்றேன். அதனால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

பைக்கில் வந்த ஒருத்தர் நிறுத்தி, “எங்கம்மா போவணும்? இங்க பஸ் நிக்காது” என்றார். பதில் வரவில்லை. அவர் கொஞ்சம் பார்த்துவிட்டுப் போய்விட்டார். திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன். ஒரு தடவை இல்லை. ஒவ்வொரு லாரிக்கும் நினைத்தேன்.

பிறகு பஸ் தெரிந்தது. முன் கண்ணாடியில் வெயில் அடித்தது, அப்பாவின் முகம் தெரியவில்லை. இண்டிகேட்டர் போடவில்லை. வேகமும் குறையவில்லை. கிட்டே வர வர, பின் ஜன்னலில் யாரோ நீல ஜெர்சியோடு எழுந்து நிற்பது தெரிந்தது.

ஓரமாகப் போ என்று ஹாரன் அடித்தார் அப்பா.

ஏதாவது சொல்ல வேண்டுமோ, கத்த வேண்டுமோ என்று நினைத்தேன். தொண்டையில் அது வந்து உட்கார்ந்துவிட்டது. சரி, உட்கார்ந்திருக்கட்டும்.

ரோட்டோர வெள்ளைக் கோட்டில் ஏறி நின்று கையை நீட்டினேன்.